எலிக்குக் குறைந்த கொழுப்பு எனக்கும் குறையுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறேன். வயது 52. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 168, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 260. டாக்டர் அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. என்ற ஸ்டாடின் வகை கொழுப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஏற்காட்டில் இருக்கும் மச்சான், மருதம்பட்டையோடு இன்னும் சில மூலிகைகளை இடித்த பொடி ஒன்றைக் கொடுத்து, "இந்தச் செடிகளின் சாறு கொழுப்பைக் குறைக்கும், ரத்தக் குழாயைக் காக்கும் என்று ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறது" என்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பொடியைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பொடிக்கு வர வேண்டும்.

உங்கள் மச்சான் சொல்வது பொய் இல்லை. அப்படிப்பட்ட ஆய்வுகள் ஏராளம். ஆனால் பெரும்பாலும் எலியில் நடந்தவை. ட்ரைட்டான் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றினால் ஒரே நாளில் எலியின் ரத்தக் கொழுப்பு எகிறிவிடும். பிறகு மூலிகைச் சாறு கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பல செடிகளுக்கு இறங்கவும் செய்கிறது. உங்களுக்கோ அது வருடக்கணக்கில் ஏறியது. சாப்பாடு, பரம்பரை, உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் சேர்ந்த சங்கதி.

அளவையும் பாருங்கள். ஆய்வில் எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி. சாறு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனிதருக்கு மாற்ற அதைச் சுமார் ஆறால் வகுப்பது வழக்கம். 65 கிலோ ஆளுக்குத் தினம் இரண்டு கிராம் சாறு வரும். அந்தச் சாறு பெரும்பாலும் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த பிசின். பத்துக்கு ஒரு பங்கு தேறினால் இரண்டு கிராமுக்கு 20 கிராம் பொடி வேண்டும். நீங்கள் காலையில் வெந்நீரில் கலக்கும் ஒரு ஸ்பூன் எங்கே, இது எங்கே! தண்ணீரில் இறங்கும் சத்தும் சாராயத்தில் இறங்கும் சத்தும் வேறு வேறு என்பது தனிக்கதை.

எலியைத் தாண்டி மனிதரிடம் வரும்போது சறுக்குவதும் உண்டு. குங்கிலியம் போன்ற மரப்பிசினான குக்குலு நம் நாட்டிலேயே கொழுப்பு மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் இறங்குவதற்குப் பதில் கொஞ்சம் ஏறியிருந்தது. மருதம்பட்டைக்கு மனிதரில் நடந்தவை சிறிய ஆய்வுகள். மாத்திரையைத் தூக்கிப்போட அது போதாது.

அடுத்தது, ரத்தக் குழாயைக் காக்கும் என்ற பேச்சு. அதற்குச் சொல்லும் காரணம் ஆக்ஸிஜனேற்றம். எல்டிஎல் துகள் ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. வெள்ளணுக்கள் அதை விழுங்கி வீங்குகின்றன. அதுதான் நாளடைவில் அடைப்புக்கு வித்து. அப்படியானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் சாப்பிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். டாக்டர்களுக்கும் தோன்றியது. வைட்டமின் இ மாத்திரையை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நாலைந்து வருடம் சோதித்து 2000-ல் முடிவு சொன்னார்கள்: மாரடைப்பு குறையவில்லை. பொட்டலங்களில் பெருமையாகப் போடும் 'ஆன்டி ஆக்சிடன்ட் சக்தி'யை ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஊதா நிறக் கரைசலில் சாறை விடுவார்கள், நிறம் மஞ்சளாக வெளுக்கும். நாம் குடிக்கும் டீத்தண்ணியும் அதை வெளுக்க வைக்கும்.

சரி, செடியிலிருந்து எதுவுமே உதவாதா? உதவும், ஆனால் சாறைவிட நார்தான் நம்பகமானது. இசப்கோல் உமி, ஊறவைத்த வெந்தயம், ஓட்ஸ் இவற்றின் கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஈரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. தினம் 10 கிராம் இசப்கோல் தாராளமாகத் தண்ணீரோடு எடுத்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் இறங்கலாம். உங்கள் மாத்திரை சுமார் 35 சதவீதம் இறக்கும். இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம், சில மணி நேர இடைவெளி விட்டு. இன்னொன்று, ஸ்டாடினும் ஜப்பானில் 1970-களில் அகிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து எடுத்த பொருளில் தொடங்கியதுதான். பிரித்து, அளந்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த பிறகு மாத்திரையானது.

உங்கள் ட்ரைகிளிசரைடு 260-க்குப் பொடியைவிடச் சாப்பாட்டுத் தட்டுதான் முக்கியம். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நம்மூரில் அது விரதத்துக்கும் பாயசத்துக்கும் வடாமுக்கும் தாராளம். சாயங்காலத் தட்டுவடை செட், சர்க்கரை போட்ட டீ, இரவில் குவித்த சோறு, மதுப்பழக்கம் இருந்தால் அதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். ஏற்காட்டுக் காபி உங்கள் வீட்டில் ஓடுமானால், அதன் எண்ணெய்ப் பொருள் எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும். காகித வடிகட்டி அதைத் தடுக்கும், எவர்சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குத் தடுக்காது.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பொடியில் என்னென்ன இருக்கிறது? சீந்தில் சாப்பிட்ட சிலருக்கும், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை எடுத்த சிலருக்கும் ஈரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஸ்டாடினும் ஈரல் வழியாகவே போகிறது. லைசென்ஸ் எண், பேட்ச் எண் போட்ட சித்த மருந்தென்றால் சித்த மருத்துவரிடம் காட்டி, உங்கள் டாக்டருக்கும் சொல்லிவிட்டு எடுங்கள். பெயர் தெரியாத பொட்டலம் வேண்டாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து கொழுப்பு, ஈரல், சர்க்கரை, தைராய்டு எல்லாவற்றையும் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதை வைத்தியம் செய்தாலே தானாக இறங்கும். இடையில் உடம்பெங்கும் தசைவலியோ, சிறுநீர் கறுத்தோ, கண் மஞ்சளாகவோ தெரிந்தால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் போங்கள், பொடிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.