கிராக்கோவ் மரியா பசிலிக்கா: பீடம் திறப்பதையும் பார்த்து, பூசையும் காண

கேள்வி: போலந்தின் கிராக்கோவில் ஒரு நாள்தான் இருப்போம், சனியா ஞாயிறா என்று இன்னும் முடிவாகவில்லை. புனித மரியா பசிலிக்காவின் மரப் பீடம் திறக்கப்படுவதைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அங்கே பூசையும் காண வேண்டும். ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

பதில்: முடியும். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

பீடத்தின் கதவுகள் திறக்கப்படுவது திங்கள் முதல் சனி வரை, முற்பகல் 11.50-க்கு. ஞாயிறன்று மதியம் வரை பூசைகள் நடப்பதால் பார்வையாளர்களை 2 மணிக்குத்தான் விடுவார்கள். அப்போது பீடம் ஏற்கெனவே திறந்திருக்கும். ஞாயிறு காலை 11.30-க்கு வந்து நின்று ஏமாறுகிறவர்கள் நிறைய. சனி மாலைப் பூசை கத்தோலிக்கர்களின் ஞாயிற்றுக் கடனுக்கும் (ஞாயிறுதோறும் பூசை காணும் கடமை) சேரும் என்பதால் அம்மாவுக்கு அதில் குறையில்லை. பூசை நேரத்தையும், அன்று திருவிழா ஏதும் உண்டா என்பதையும் கோவிலின் இணையதளத்தில் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, வாசல் குழப்பம். சந்தைச் சதுக்கத்தைப் பார்த்த பெரிய மேற்கு வாசல் ஜெபிக்க வருகிறவர்களுக்கு. அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் பின்பகுதியோடு சரி. பீடத்தை அருகில் பார்க்க முடியாது. பார்வையாளர்கள் தெற்கே மரியாக்கி சதுக்கத்தில் இருக்கும் பக்கவாசல் வழியாகப் போக வேண்டும். டிக்கெட் கோவிலுக்குள் கிடைக்காது. அந்த வாசலுக்கு எதிரே தனிக் கட்டடத்தில் வாங்க வேண்டும். இது தெரியாமல் வாசலில் வரிசை நின்று, பிறகு டிக்கெட்டுக்கு இன்னொரு வரிசை நிற்பதில்தான் 11.50 கைநழுவிப் போகிறது. 11.15-க்கே டிக்கெட் வரிசையில் நின்றுவிடுங்கள். உள்ளே போனதும் பக்கவாட்டுச் சிற்றாலயங்களில் நிற்காமல் நேராகப் பீடத்தின் முன்னே போய்விடுங்கள். மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூடியிருக்கும் பீடத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் நூரென்பெர்க்கிலிருந்து வந்த சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செய்த வேலை இது. போலந்தில் அவரை வித் ஸ்துவோஷ் என்பார்கள். மூடிய நிலையில் மாதாவும் இயேசுவும் வரும் 12 காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாகத் தெரியும். கதவுகள் விலகியதும் பொன்னும் நீலமுமாக நடுப்பகுதி வெளிப்படும். மண்டியிட்ட நிலையில் மாதா உயிர் பிரிந்து சரிகிறார். சீடர் ஒருவர் தாங்கிப் பிடிக்கிறார். பின்னால் நிற்கும் இன்னொருவர் மாதாவின் தலைக்கு மேலே கைகளைக் கோத்துப் பிசைகிறார். அந்தக் கைகளை உற்றுப் பாருங்கள். புடைத்த நரம்பும் முட்டியின் வீக்கமும் லிண்டன் மரத்தில் செதுக்கியவை என்று நம்பவே கடினம். உருவங்கள் 2.7 மீட்டர் வரை உயரம், பீடம் ஏறத்தாழ 13 மீட்டர். ஆகவே சிறிய பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள். உச்சியில் மாதா முடிசூட்டப்படும் காட்சி வெறுங்கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

திறந்ததும் படம் எடுத்துவிட்டுக் கூட்டம் கலையும். நீங்கள் இருங்கள், நல்ல இடம் அப்போதுதான் கிடைக்கும். திறந்த கதவுகளின் 6 காட்சிகளை வரிசையாகப் பாருங்கள்: இடப்பக்கம் மங்கள வார்த்தை (வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொல்வது), இயேசுவின் பிறப்பு, மூன்று ஞானிகள்; வலப்பக்கம் உயிர்ப்பு, விண்ணேற்றம், தூய ஆவியின் வருகை. நிமிர்ந்தால் நீலக் கூரையில் பொன் நட்சத்திரங்கள். சுவர் ஓவியங்கள் 1889-க்குப் பின் போலந்து ஓவியர் யான் மதெய்கோ திட்டமிட்டவை.

மணிக்கு ஒருமுறை உயரமான கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள், நான்கு திசைக்கும் ஒருமுறை. ராகம் நடுவில் சட்டென்று அறுந்துபோகும்; அதுதான் மரபு. 12 மணிக்கு நீங்கள் பீடத்தின் முன்னே இருப்பீர்கள். அவசரப்பட்டு வெளியே ஓட வேண்டாம், 1 மணிக்கு சதுக்கத்தில் நின்று நிதானமாகக் கேளுங்கள். கோபுரம் ஏற வேறு டிக்கெட். 200-க்கும் மேல் படிகள், லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

மாலைப் பூசைக்கு மேற்கு வாசல் வழியாகப் போங்கள், டிக்கெட் வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், சேலை தாராளமாகச் சரி. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் கல்தரை குளிரும். பூசை போலிஷ் மொழியில்தான். ஆனால் ஒழுங்கு நம் ஊர்ப் பூசையேதான், எந்தக் கட்டம் என்பது அம்மாவுக்குத் தானே புரிந்துவிடும். எழுந்தேற்றத்தின்போது (குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது) எல்லோரும் முழந்தாளிடுவார்கள், முடியாதவர்கள் உட்கார்ந்திருக்கலாம். சமாதானம் சொல்லும்போது பெரும்பாலும் தலையசைப்புத்தான், கைகூப்பினாலும் தவறாக நினைக்க மாட்டார்கள். நற்கருணை அப்பம் கத்தோலிக்கர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இருக்கையிலேயே இருங்கள். பூசை முடியும் வரை கேமராவும் போனும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.