நிரலாளரின் மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மென்பொருள் எழுதுவோர் அன்றாடம் புழங்கும் கருவிகள், உட்காரும் இடம் ஆகியவை குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருந்ததால், ஆறினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் மடிக்கணினி வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். எதைப் பார்த்து முடிவு செய்வது? – கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: கிராஃபிக்ஸ் அட்டைக்குக் கொடுக்கும் பணத்தை, ஓடும் நிரல்களைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேமுக்குக் கொடுங்கள். உலாவியில் இருபது பக்கங்கள், ஒரு எடிட்டர், ஒரு தரவுத்தளம், அதோடு கைபேசியைக் கணினியிலேயே போலச் செய்து காட்டும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் என எல்லாம் ஒன்றாக ஓடும்போது 8 ஜிபி ரேம் மூச்சுத் திணறிவிடும். 16 ஜிபி இருந்தால் படிப்பு முடியும்வரை கவலையில்லை. இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள் என்பதால், "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்லும் சமாதானத்தை அப்படியே நம்பாமல், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று அந்த மாடலின் விவரக்குறிப்பில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சேமிப்பு எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டும். 512 ஜிபி போதுமானது.

இயந்திரக் கற்றல் பாடத்துக்குத் தனி அட்டை வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாணவர் பயிற்சிக்கு, இணையத்திலேயே நிரலை ஓட்ட உதவும் கூகுள் கோலேப் ஒரு வரம்புக்குள் இலவசமாகத் தரும் வசதியே பெரும்பாலும் போதும். கடைக்காரர் காட்டும் எண்களை விடவும் முக்கியமான சோதனை ஒன்று உண்டு. கடையிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்த பத்து வரி நிரலை அந்த விசைப்பலகையில் அடித்துப் பாருங்கள். அம்புக்குறி விசைகளை இடுக்கில் திணித்திருக்கும் மாடல்களின் குறை அப்போதுதான் தெரியும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நிரல் எழுத நான் வி.எஸ். கோட் எடிட்டரைப் பயன்படுத்துவதைப் பார்த்து, விம் எடிட்டரில் எழுதும் எங்கள் குழுவின் மூத்தவர் "விம் தெரியாதவன் நிரலாளனே அல்ல" என்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா? – இளம் பொறியாளர், சென்னை

பதில்: அவர் சொல்வதில் அரைக்கால் பங்கு உண்மை இருக்கிறது, மீதி அவருடைய பழக்கத்தின் பெருமை. அந்த அரைக்காலைப் பிறகு சொல்கிறேன், முதலில் கதையைக் கேளுங்கள்.

விம்முக்கு மூதாதையான வி.ஐ. எடிட்டரை 1970களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதினார். அதை எழுத அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்ற டெர்மினலில் (பெரிய கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும்) அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் கிடையா. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மீதே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்று நம் விசைப்பலகையில் டேப் இருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் விசை இருந்தது. இடது சுண்டுவிரல் அசையாமலே எட்டும் இடத்தில் இருந்ததால்தான், எழுதும் நிலையிலிருந்து வெளிவர எஸ்கேப்பை நிமிடத்துக்குப் பத்து முறை தட்டும்படியான ஓர் எடிட்டரை அவரால் சங்கடமின்றி உருவாக்க முடிந்தது. விசை பின்னாளில் மூலைக்குப் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இன்று விம் பயன்படுத்துவோர் பலர் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றி வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே. ஆக, அந்த எடிட்டரின் பல விதிகள் அக்காலத்து மேசை ஒன்றின் அமைப்பிலிருந்து பிறந்தவையே தவிர, நிரலாளருக்கென்று விதிக்கப்பட்ட சடங்குகள் அல்ல.

விம்மை 1991இல் வெளியிட்ட பிராம் மூலெனார், அதைப் பயன்படுத்துவோர் உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று மென்பொருளின் முகப்பிலேயே எழுதி வைத்தார். 2023இல் அவர் காலமான பிறகும் அந்த வரியைப் பார்க்கும்போது மனம் சற்று இளகத்தான் செய்கிறது.

இனி அந்த அரைக்கால் உண்மை. நீங்கள் என்றாவது ஒரு நாள் நள்ளிரவில் தொலைவிலுள்ள சர்வர் ஒன்றில் நுழைந்து ஒரு வரியை மாற்ற வேண்டிவரும். அங்கே வி.எஸ். கோட் இருக்காது, வி.ஐ. அநேகமாக இருக்கும். கோப்பைத் திறப்பது, ஐ விசையைத் தட்டி எழுதத் தொடங்குவது, எஸ்கேப் தட்டி வெளிவருவது, கோலன் இட்டு டபிள்யூ, கியூ தட்டிச் சேமித்து மூடுவது, மாற்றம் எதுவும் வேண்டாமென்றால் கோலன், கியூ, ஆச்சரியக்குறி தட்டித் தப்பிப்பது. இவ்வளவையும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். மற்ற நேரமெல்லாம் வி.எஸ். கோடிலேயே இருங்கள். மூத்தவரிடம் வாதம் செய்ய வேண்டாம். அவர் விம்மில் வேலை செய்யும்போது அருகில் அமர்ந்து பாருங்கள், அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் மூன்று விசைகளில் மாற்றும் வித்தையையாவது கற்றுக்கொண்டு எழலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில்தான் மடிக்கணினி. ஆறு மாதமாகக் கழுத்து வலி. இப்போது வலது கையில் மரமரப்பும் சேர்ந்துவிட்டது. விலையுயர்ந்த நாற்காலி வாங்கினால் சரியாகுமா? – மென்பொருள் சோதனையாளர், மதுரை

பதில்: முதலில் மரமரப்பைப் பற்றி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போகும் உணர்வு இருந்து, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு அது வந்தால், மணிக்கட்டின் வழியாகச் செல்லும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள்படலாம். இதற்கு நாற்காலிக் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

கழுத்து வலிக்குப் பெரும்பாலும் நாற்காலி காரணமன்று. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தலை கவிழும், கண்ணுக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். இரண்டையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாதாரண விசைப்பலகை ஒன்றும் மௌஸ் ஒன்றும் வாங்கிக்கொண்டு, மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி, ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

அடுத்த சிக்கல் அந்த மேசையின் உயரம். சாப்பாட்டு மேசைகள் வழக்கமாக 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஐந்தடி இரண்டங்குலம் உள்ள ஒருவருக்கு அது தட்டச்சுக்குச் சற்று உயரம். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, மணிக்கட்டு மேலும் கீழும் வளையாமல் இருக்க வேண்டுமானால் நாற்காலியில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாக வேண்டும். அப்போது கால் தரையில் பாவாது. இதற்கென்று விற்கும் கால்தாங்கியைத் தேடிப் போக வேண்டாம், பரணில் கிடக்கும் மணைப்பலகையை எடுத்துக் காலடியில் போடுங்கள். நான் எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பார்த்தவர்களில் இருவர் தங்கள் வீட்டிலும் போட்டுக்கொண்டார்கள்.

சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுப்பக்கம் இருந்தால் திரையில் வெளிச்சம் பிரதிபலிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும் என்பதால், மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் விரைவில் உலரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நொடி, ஏறத்தாழ ஆறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒன்றைப் பாருங்கள். எதிர்வீட்டு மாடியில் உலரும் துணி போதும்.

கேள்வி: விசை ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க ஆசை. நீலம், சிவப்பு, பழுப்பு என்று சுவிட்சுகளுக்கு நிறம் சொல்கிறார்கள். எது நல்லது? – வலைத்தள வடிவமைப்பாளர், திருச்சி

பதில்: செர்ரி நிறுவனத்தின் சுவிட்சுகளிலிருந்து வந்த வழக்கம் அது. நீலம் அழுத்தும்போது "டிக்" என்று ஒலிக்கும். சிவப்பு தடையின்றி இறங்கும். பழுப்பில் ஒலி அதிகமில்லாமல் பாதி வழியில் ஒரு சிறு முட்டு தெரியும். அறையை வேறு யாருடனாவது பகிர்ந்துகொள்பவர் நீலத்தை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனியறை இருந்தாலும் காணொளிக் கூட்டங்களில் மறுமுனையில் இருப்பவரும் அறையில் இருப்பவரே. பழுப்பு பாதுகாப்பான தேர்வு.

கேள்வி: ஒரு சிறு நூலகத்துக்குத் தமிழில் தேடும் மென்பொருள் செய்து தருகிறேன். "கொடி" என்று தேடினால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் "கொடி" அகப்படவில்லை. எடிட்டரில் கோளாறா, எழுத்துருவில் கோளாறா? – தனிமுறை நிரலாளர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டிலும் இல்லை. "கொ" என்ற எழுத்தை, எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோட் முறையில் இரண்டு வழிகளில் சேமிக்க முடியும். ககரத்தோடு, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியீட்டை இடுவது ஒரு வழி. ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக இடுவது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. யாரோ ஒருவர் பழைய தட்டச்சு மென்பொருளில் பட்டியலை ஏற்றியிருப்பார், நீங்கள் புதியதில் தேடுகிறீர்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை என்.எஃப்.சி. என்ற யூனிகோட் இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் அதற்கான வசதி மொழியுடனேயே வருகிறது.

அதனாலும் தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. "கௌரி" என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக, ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்து "கெளரி" என்று எழுதியிருப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. என்.எஃப்.சி. இதைத் திருத்தாது, ஏனெனில் இது உண்மையிலேயே வேறு எழுத்து. சரி, கொம்பும் ளகரமும் வரும் இடத்தையெல்லாம் ஒரே வரி நிரலில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்தால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தி மீனும் சேர்ந்தே கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதே நான் கண்ட வழி.

எழுத்துகளை எண்ணும்போதும் எச்சரிக்கை தேவை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, பைத்தானின் நீளக் கணக்கில் ஐந்து, யூனிகோட் எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் பதினைந்து பைட். நமக்குத் தெரிந்த எழுத்துக் கணக்கு வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்னும் இலவச நிரல்தொகுப்பைப் பாருங்கள். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சன்னலில் தமிழ் உடைந்து தெரிந்தால் அதற்காகத் தரவைச் சந்தேகிக்க வேண்டாம். ஒவ்வோர் எழுத்துக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்கும் டெர்மினலில் நம் எழுத்துகள் பொருந்துவது கடினம், உலாவியில் திறந்து சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் அடிக்கடி மின்சாரம் போகிறது. இன்வெர்ட்டர் இருந்தும் மேசைக் கணினி அணைந்து எழுதியது போய்விடுகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை தீருமா? – நிரலாளர், திருவாரூர்

பதில்: இரண்டும் வேறு வேறு கவலைகள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யு.பி.எஸ். முறை என்று ஒரு பொத்தான் இருக்கும். அது சாதாரண முறையில் இருந்தால் மின்சாரம் மாறும் இடைவெளி நீண்டு, விசிறி நிற்காவிட்டாலும் கணினி அணைந்துவிடும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் கணினிக்கு மட்டும் ஒரு சிறு யு.பி.எஸ். வாங்குங்கள். வைஃபை ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு மின்கலப் பெட்டியும் நல்ல செலவு.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், நீங்கள் கமிட் செய்ததை, அதாவது பதிந்துவைக்கச் சொல்லி ஒப்படைத்ததை மட்டுமே காக்கும். இதை நான் பாடுபட்டுக் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், "எல்லாம் முடிந்த பிறகு ஒரே கமிட்டாகப் போடலாம்" என்று மூன்று நாள் வேலையை அப்படியே வைத்திருந்தேன். வேறொரு கோப்புறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கிட்டின் கண்காணிப்பில் சேராத கோப்புகளை அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். கட்டளை ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கமிட் செய்திருந்தால், பின்னர் எதைத் தவறாக மாற்றியிருந்தாலும், கிட் தானே எழுதிவைக்கும் ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டைப் பார்த்து மீட்டிருப்பேன். கிளைகள் எனப்படும் தனித்தனிப் பணித்தடங்களிலிருந்து விடுபட்டுப்போன கமிட்டுகளைக்கூட வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை அதில் தேடிப் பிடிக்கலாம். கிட் ஒருமுறைகூடப் பார்க்காத கோப்பு எந்தக் குறிப்பேட்டிலும் இருக்காது.

ஆகவே அரைகுறை வேலையாக இருந்தாலும் மாலையில் எழும்போது ஒரு தனிக் கிளையில் கமிட் செய்து, வேறு இடத்திலுள்ள களஞ்சியத்துக்குப் புஷ் செய்துவிட்டு (அனுப்பிவிட்டு) எழுங்கள். அதே வட்டில் இருக்கும் கிட் களஞ்சியம் வட்டு பழுதானால் அதனுடனேயே போய்விடும். கடவுச்சொல் வைத்திருக்கும் கோப்பை மட்டும் புஷ் செய்வதற்கு முன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விட்டால், அழித்துப் பயனில்லை. கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.