வீட்டுச் செலவைச் சுருக்கியே கார்டு கடனை அடைக்க முடியுமா?

கிரெடிட் கார்டில் 60,000 ராண்ட் நிற்கிறது, மாதாமாதம் மினிமம் (வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை) கட்டியும் குறைய மாட்டேன் என்கிறது, வீட்டுச் செலவைச் சுருக்கியே இதை அடைக்க முடியுமா, இல்லை இன்னொரு கடன் வாங்கி அடைப்பது நல்லதா என்று தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் அப்படித்தான் அடைத்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தடுப்புச் சுவர் மண்ணோடு சரிந்தது. திரும்பக் கட்டிய செலவு முழுக்கக் கார்டில்தான் ஏறியது. தொகையும் ஏறக்குறைய உங்களுடையதுதான்.

முதலில் மினிமம் ஏன் உதவுவதில்லை என்று பாருங்கள். வட்டி ஆண்டுக்கு 21 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 60,000க்கு மாத வட்டி மட்டும் 1,050 ராண்ட். மினிமம் 3 சதவீதம் என்றால் கட்டுவது 1,800. அசலில் கழிவது வெறும் 750. அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறையும், மினிமமும் கூடவே குறையும், நீங்களும் குறைத்துக் கட்டுவீர்கள். கார்டை ஒரு தடவைகூடத் தேய்க்காமல் இருந்தாலும் 5 வருஷம் கழித்து 28,000 ராண்டுக்கு மேல் பாக்கி நிற்கும். அதே கடனுக்கு மாதம் 2,500 என்று மாறாமல் கட்டினால் 32 மாதத்தில் தீரும். 3,500 கட்டினால் 21 மாதம். ஆக, வீட்டுச் செலவில் நீங்கள் தேட வேண்டியது மாதம் 700 முதல் 1,700 ராண்ட் வரை. இது எட்டக்கூடிய தொகைதான்.

இந்த வட்டி நிலையாக இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். இங்கே கார்டு வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு: ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனின் வட்டி) மேல் 14 சதவீதம். ரெப்போ ஏறினால் கார்டு வட்டியும் ஏறும். எங்கள் சுவர் விழுந்த மாதம் ரெப்போ 4.25. 2023 மே மாதம் அது 8.25. நாங்கள் அடைத்துக்கொண்டிருக்கும்போதே வட்டி நான்கு சதவீதம் கூடிவிட்டது. அதனால் முதல் சில மாதங்களிலேயே முடிந்த அளவு அழுத்திக் கட்டிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிக்கனம் பிடித்து மிச்சமாகும் காசு சாதாரணக் கணக்கிலேயே கிடந்தால் மாதக் கடைசிக்குள் காணாமல் போய்விடும். யாரும் ஊதாரித்தனம் செய்ய வேண்டியதில்லை, அது தானாகவே கரையும். 25ஆம் தேதி சம்பளம் என்றால் 25ஆம் தேதி காலையிலேயே கார்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீதியில்தான் குடும்பம் நடக்க வேண்டும். அப்புறம் வாரக் கடைசியில் மளிகைக்கு ஒதுக்கியதில் 150 ராண்ட் மிஞ்சினால் அதையும் அன்றே அனுப்புங்கள். கார்டு வட்டியை அன்றாடப் பாக்கிக்குத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் இரண்டு வாரம் முந்திக் கட்டினால் இரண்டு வார வட்டி மிச்சம். ஒன்று மட்டும்: 2,000 ராண்டாவது தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். டயர் வெடித்தால் மறுபடி கார்டை எடுக்கக் கூடாது அல்லவா.

சரி, அந்தக் காசு எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டில் காசு அதிகம் ஒழுகிய இடம் கீசர். ப்ரீபெய்டு மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். 20 இலக்க டோக்கனை அழுத்தியதும் எத்தனை யூனிட் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு, டிவி எல்லாம் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 3 கிலோவாட் கீசர் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருந்தால் 3 யூனிட் போயிருக்கும். என் கணவர் மீட்டர் முன்னால் நின்று அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டைமர் வாங்க ஒத்துக்கொண்டார். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் குறைத்து, கீசருக்கும் சூடான குழாய்களுக்கும் வெப்பம் காக்கும் போர்வை சுற்றி, காலையும் மாலையும் மட்டும் ஓடும்படி வைத்தோம். பிள்ளைகளுக்குத் தெரியக்கூட இல்லை.

அடுத்தது சமையலறை. இங்கே நம் ஆட்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வாட் என்கிற விற்பனை வரி 15 சதவீதம் என்றாலும் அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், காய்கறி, பழம், பால், முட்டை, சமையல் எண்ணெய், பிரவுன் பிரட், சோள மாவு, டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன் ஆகியவற்றுக்கு வாட் கிடையாது. கோழிக்கும் ஆட்டுக்கும் உண்டு. கடையில் வாங்கும் பொட்டலத் தீனிக்கும் உண்டு. இட்லி, சாம்பார், பொரியல் என்று சமைக்கிற வீட்டில் மசாலா, புளி போல ஒரு சிலவற்றை விட்டால் சாப்பாட்டுக்கு வரியே இல்லை என்று சொல்லலாம்.

பக்கத்து வீட்டு ஆயா இதையெல்லாம் கணக்குப் பார்க்காமலே செய்து வந்தவர். ராத்திரி சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸை ஊறப்போடுவார். காலையில் வெங்காயம், தக்காளி, கொல்லையில் பறித்த கறிவேப்பிலை, இரண்டு உருளைக்கிழங்கு போட்டுக் கறி வைத்தால் இரண்டு வேளைக்கு வரும். உருளைக்கிழங்கைப் பெரிதாக வெட்டு, குழம்பை அது இழுத்துக்கொள்ளும் என்பார். காய்கறிக்குச் சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு என்னையும் கூட்டிப்போவார். கத்தரிக்காயும் கீரையும் கட்டுக்கட்டாக வாங்கி அவரும் நானும் பங்கு போட்டுக்கொள்வோம்.

எப்போது தொடங்குவது என்று யோசித்தால் புரட்டாசியில் தொடங்குங்கள். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த மாதம் கறி, மீன் தொடுவதில்லை. எதையோ பறிகொடுத்தது போல யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த மாதக் கறிச் செலவை அப்படியே கார்டில் போடுங்கள். மாதம் முடிந்ததும் வாரத்துக்கு ஒருநாள் கறி என்று பழகிக்கொண்டால் போதும். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு அனுப்புவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கையால் செய்து அனுப்பினால் அது பெரிய செலவே இல்லை. இந்த ஊரில் நமக்கு இருக்கும் உறவே அதுதான்.

பிறகு வங்கி அறிக்கையை எடுத்து டெபிட் ஆர்டர்களை (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளை) ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு இறுதிச்சடங்கு பாலிசி, பார்க்காத டிவி சந்தா, பையன் எப்போதோ எடுத்த போன் ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கார்டோடு சேர்த்துக் கடன் காப்பீடு பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். போதுமான ஆயுள் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதையே காட்டி மாற்றிக்கொள்ளலாம். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

இன்னொரு கடன் வாங்கி அடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பிணையில்லாத் தனிநபர் கடனுக்கு உச்சவரம்பு ரெப்போவுக்கு மேல் 21 சதவீதம், அதாவது கார்டைவிட அதிகம். வீட்டுக் கடனில் ஆக்சஸ் பாண்ட் (கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி) இருந்தால் வட்டி குறைவு என்பது உண்மை. ஆனால் அதை 20 வருஷத்துக்கு இழுத்தால் மொத்த வட்டி கூடிவிடும். அங்கே மாற்றினாலும் அதே 2,500ஐயோ 3,500ஐயோ தொடர்ந்து கட்டுவேன் என்றால் மட்டும் செய்யுங்கள். மஷோனிசா என்கிற கந்துவட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஏடிஎம் கார்டையும் அடையாள அட்டையையும் அடமானமாக வாங்கி வைப்பது சட்டவிரோதம், ஆனாலும் செய்கிறார்கள்.

எவ்வளவு சுருக்கியும் மினிமமே கட்ட முடியவில்லை என்ற நிலை வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கடன் துறையைக் கண்காணிக்கும் நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரில் பதிவு செய்த கடன் ஆலோசகரிடம் போய் டெட் ரிவ்யூ (கடன் மறுபரிசீலனை) கேளுங்கள். தவணையைக் குறைத்துத் திருத்தி அமைப்பார்கள். கட்டணம் உண்டு, முடியும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது. வங்கி வழக்கு நடவடிக்கையைத் தொடங்கிய பிறகு போனால் அந்தக் கடனை இதில் சேர்க்க முடியாது. அதனால் வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பாக்கி குறையக் குறையக் கார்டில் இடம் காலியாகும், கை அரிக்கும். லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேட்டால் வங்கி குறைக்க வேண்டும். நாங்கள் பாக்கி ஒவ்வொரு 10,000 இறங்கும்போதும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி லிமிட்டையும் 10,000 இறக்கினோம். உங்கள் 60,000 முதன்முதலில் 50,000க்கு வரும் அன்றே அந்த மின்னஞ்சலை எழுதிவிடுங்கள்.