மெல்பர்னில் படகு இறக்குவது: ராம்ப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மெல்பர்னில் படகு வாங்கும் நம் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். படகு, மோட்டார், தூண்டில் எல்லாம் விசாரித்து வாங்குகிறார்கள். ஆனால் எந்த ராம்பில், அதாவது ட்ரெய்லரிலிருந்து படகைத் தண்ணீருக்குள் இறக்கும் சரிவுப் பாதையில், இறக்குவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் ராம்ப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

கிளைடிலிருந்து: அண்ணா, 4.3 மீட்டர் டின்னி (அலுமினியப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறேன். எங்கே இறக்கலாம்? காசு கட்ட வேண்டுமா?

வாழ்த்துகள் தம்பி. விக்டோரியாவில் பொது ராம்புகளில் படகு இறக்கவும் ட்ரெய்லரை நிறுத்தவும் இருந்த கட்டணத்தை 2019-ல் எடுத்துவிட்டார்கள். தனியார் மரினா என்றால் அவர்கள் கேட்பதைக் கொடுக்க வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து போர்ட் பிலிப் விரிகுடாவுக்கு என்றால் காரம் என்ற ஊரிலுள்ள பேட்டர்சன் ரிவர் ராம்ப்தான் முதல் தேர்வு. நிறைய பாதைகள், பெரிய பார்க்கிங், ஆற்றுக்குள்ளேயே இறக்குவதால் அலை அடிக்காது. புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை. பக்கத்து விரிகுடாவான வெஸ்டர்ன்போர்ட் போவதென்றால் ஹேஸ்டிங்ஸ் ராம்ப். ஒரு விஷயம், கார் லைசன்ஸ் போதாது, மோட்டார் படகு ஓட்டத் தனியாக மரைன் லைசன்ஸ் எடுக்க வேண்டும். படகையும் ட்ரெய்லரையும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சிறிய எலக்ட்ரிக் மோட்டார்தானே என்று விட்டுவிடாதீர்கள், அதற்கும் படகுப் பதிவு வேண்டும்.

வெரிபியிலிருந்து: காற்றின் வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) என்று போட்டிருந்தது. ஒருவர் அருமையான நாள் என்கிறார், இன்னொருவர் போகாதே என்கிறார். யார் சொல்வது சரி?

எந்தத் திசைக் காற்று என்று தெரியாமல் இரண்டு பேரையும் தப்பு சொல்ல முடியாது. போர்ட் பிலிப் அகலமானது, ஆனால் ஆழம் குறைவு, சராசரியாக 13 மீட்டர்தான். அதனால் காற்று கொஞ்சம் ஏறினாலே குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து எழும்பிச் சின்னப் படகைப் போட்டு அடிக்கும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் பக்கத்து ராம்பைத் தேர்ந்தெடுப்பதுதான் சூத்திரம். மேற்குக் காற்று என்றால் உங்கள் வெரிபி சவுத், ஆல்டோனா பக்கம் கரையோரம் அமைதியாக இருக்கும், அதே நேரத்தில் மோர்டியாலக்கிலும் காரமிலும் அலை கரையில் வந்து மோதிக்கொண்டிருக்கும். கிழக்குக் காற்று என்றால் அப்படியே தலைகீழ். ஆனால் கரைக்காற்று உள்ள நாளில் வெகுதூரம் போகாதீர்கள், மோட்டார் நின்றால் அது உங்களை நடுக்கடலுக்குத்தான் தள்ளும்.

கோடையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதை அழுத்தியே சொல்கிறேன். காலையில் சூடான வடக்குக் காற்று வீசும், கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிற்பகலில் திடீரென்று தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று திரும்பி அடிக்கும். அது வந்த கொஞ்ச நேரத்தில் கடல் முகமே மாறிவிடும். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ராம்புக்கு ஓடிவரும், அங்கேயும் அலை. வானிலை மையத்தின் அறிவிப்பில் காற்று மாறும் நேரம் போட்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே படகு ட்ரெய்லரில் ஏறியிருக்க வேண்டும். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

கிரான்பர்னிலிருந்து: டூராடின் ராம்ப் எங்களுக்குக் கிட்ட. ஆனால் திரும்பி வரும்போது தண்ணியே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?

உண்மைதான். போர்ட் பிலிப்பின் வாய் குறுகல் என்பதால் உள்ளே நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. வெஸ்டர்ன்போர்ட் அப்படி இல்லை, இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் வரும். டூராடின், வார்னீட் பக்கமெல்லாம் வற்றும்போது சேறுதான் மிஞ்சும். பெருக்கு நேரத்தில் இறக்கிவிட்டு, வற்றின நேரத்தில் திரும்பினால் அடுத்த பெருக்கு வரும் வரை கால்வாயிலேயே காத்திருக்க வேண்டியதுதான். ஓத அட்டவணையில் (கடல் பெருகும், வற்றும் நேரப் பட்டியலில்) இறக்கும் நேரத்தை மட்டும் பார்க்காமல் திரும்பும் நேரத்தையும் பாருங்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் ஹேஸ்டிங்ஸ் போய்விடுங்கள். நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்று இருந்தால் வெஸ்டர்ன்போர்ட் மிகவும் முரடாகிவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

டாண்டினாங்கிலிருந்து: ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கக் கை நடுங்குகிறது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றால் இன்னும் மோசம்.

ராம்பில் பழகாதீர்கள். ஞாயிறு மாலை காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு பார்க்கிங்கில் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். கோணலாகிவிட்டால் சண்டை போட வேண்டாம், முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வரிசையில் நிற்பவர்களுக்குக் கோபம் வருவது ரிவர்ஸ் தெரியாதவரைப் பார்த்து இல்லை. ராம்பின் நடுவில் படகை நிறுத்திவிட்டு அங்கேயே ஐஸ் பெட்டி ஏற்றி, தூண்டில் கட்டி, பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுகிறார்களே, அவர்களைப் பார்த்துத்தான். ராம்புக்கு மேலேயே படகைத் தயார் செய்ய இடம் விட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் அங்கே முடியுங்கள்: பங் (படகின் வடிகால் துளை அடைப்பான்) மாட்டியாச்சா, பின்பக்கப் பட்டியைக் கழற்றியாச்சா, ட்ரெய்லர் விளக்கு வயரைப் பிடுங்கியாச்சா, மோட்டார் தூக்கியிருக்கிறதா, எரிபொருள் இருக்கிறதா, கயிறு முன்னால் கட்டியிருக்கிறதா. படகை ட்ரெய்லரோடு பிடித்திருக்கும் வின்ச் கொக்கியை மட்டும் தண்ணீரைத் தொடும் வரை கழற்ற வேண்டாம், சரிவில் படகு வழுக்கிக் கான்கிரீட்டில் விழும். இறங்கும்போது காரில் ஓட்டுநரைத் தவிர யாரும் வேண்டாம், குழந்தைகள் கட்டாயம் வெளியே, பெரியவர் ஒருவர் கையைப் பிடித்தபடி. ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்காதீர்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது ராம்பின் அடிப்பகுதி பாசி பிடித்து வழுக்கும், செருப்போடு அங்கே நடக்க வேண்டாம். இப்படித் தயாராக வந்தால் இறக்கும் வேலை இரண்டு மூன்று நிமிடம்தான்.

கிளென் வேவர்லியிலிருந்து: யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 72. படகில் கூட்டிக்கொண்டு போகலாமா? அவருக்கும் லைசன்ஸ் வேண்டுமா?

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. மீன்பிடி லைசன்ஸ் 18 முதல் 69 வயது வரைதான், அப்பாவுக்குத் தேவையில்லை, உங்களுக்குத் தேவை. 4.8 மீட்டர் வரையுள்ள மோட்டார் படகு ஓடும்போது எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். ஊரில் கடலில் வளர்ந்தவர்கள் இது எதற்கு என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ராம்பின் சரிவில் அவரை இறக்க வேண்டாம், பக்கத்து ஜெட்டியில் படகைக் கட்டி அங்கிருந்து ஏற்றுங்கள். இங்கே கிடைக்கும் கிங் ஜார்ஜ் வைட்டிங் நம்ம கிழங்கான் குடும்பம்தான், அவருக்குப் பிடிக்கும். குறைந்தது 27 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஒருவருக்கு 20 மீன். ஸ்னாப்பர் என்றால் 28 சென்டிமீட்டர், ஒருவருக்கு 10, அதில் 40-க்கு மேல் மூன்றுதான். படகிலேயே மீனைத் துண்டு போடக் கூடாது, அளவு பார்க்க முடியாமல் போய்விடும்.

ஆல்டோனாவிலிருந்து: கயாக் மட்டும்தான் இருக்கிறது. ராம்பில் இறக்கலாமா?

இறக்கலாம், ஆனால் பக்கத்தில் மணல் இருந்தால் அதுதான் நல்லது. படகுகள் பின்னால் வரும் பாதையில் கயாக் கண்ணுக்கே தெரியாது. கயாக்கிலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

பாயின்ட் குக்கிலிருந்து: நவம்பரில் ஒரு தடவை போனோம், விடியுமுன்னே பார்க்கிங் நிறைந்துவிட்டது. என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்னாப்பர் காலம். மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய விடுமுறை, அதாவது நவம்பர் முதல் செவ்வாய், அன்றைக்கு இன்னும் மோசம். பல ராம்புகளில் அரசு நேரலைக் கேமரா வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே கூட்டத்தையும் அலையையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். முடிந்தால் வார நாளில் மாலையில் போங்கள், பொழுது சாயும் நேரத்திலும் ஸ்னாப்பர் நன்றாகக் கடிக்கும். இருட்டில் திரும்பும்போது ராம்பின் 50 மீட்டருக்குள் 5 நாட் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். ட்ரெய்லரை இறக்கியதும் காரின் ஹெட்லைட்டை அணையுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பாதையில் ரிவர்ஸ் எடுப்பவருக்குக் கண் கூசும். படகை ஏற்றியதும் உடனே மேலே போய்விட்டு அங்கே கட்டுங்கள், கழுவுங்கள். பங்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ட்ரெய்லரில் சிக்கிய பாசியை எடுத்துக் குப்பையில் போடுங்கள். போர்ட் பிலிப்பில் வடபசிபிக் நட்சத்திர மீனும் உண்டாரியா என்ற வெளிநாட்டுக் கடற்பாசியும் ஏற்கெனவே பரவியிருக்கின்றன. நம் ட்ரெய்லரில் ஏறி அடுத்த கடலுக்கு அவை போகக் கூடாது.