கல்லும் கம்பியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் ஒரு கடையில், மெருகேற்றிய கற்களைக் கலவையாகக் கால் கிலோ வாங்கினேன். எது என்ன கல் என்று கடைக்காரருக்கே நிச்சயமில்லை. அவற்றில் கண்ணாடிபோல் தெளிந்த வெளிர்நீலக் கல் ஒன்றும், உள்ளே நீல ஒளி மிதக்கும் வெண்கல் ஒன்றும் இருக்கின்றன. கல்லுக்குச் சேதமில்லாமல் வீட்டிலேயே இவற்றை அடையாளம் காண முடியுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: பெருமளவுக்கு முடியும். ஆனால் எல்லாரும் முதலில் பார்க்கும் நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நீலத்தில் அக்வாமரினும் உண்டு, டோபாஸும் உண்டு, வெறும் கண்ணாடியும் உண்டு. கடைகளில் கிடைக்கும் நீல டோபாஸில் பெரும்பகுதி, நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பிறகு சூடேற்றி நீலமாக்கியது. ஊசியால் கீறிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. மெருகேற்றிய கல்லில் அது வேண்டாம். எஃகு ஊசிக்குக் கீறல் விழாத கற்கள் பல இருப்பதால், மெருகைப் பணயம் வைத்தும் விடை கிடைக்காது.

நம்பத்தக்க சாட்சி, கல்லின் அடர்த்தி எண், அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு ஒன்று இருந்தால் போதும். முதலில் கல்லை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரை டம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய கல்லை, அடியிலோ சுவரிலோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாகத் தட்டி நீக்கிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது, கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைத்துவிடும். உங்கள் நீலக் கல் 8.82 கிராம் என்றும், தண்ணீரில் தராசு 2.50 காட்டியது என்றும் வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 3.53, அது டோபாஸின் எண். அக்வாமரின் என்றால் 2.7-ஐ ஒட்டி வரும். படிகம் (குவார்ட்ஸ்) 2.65 என்பதால் இவ்விரண்டையும் பிரிக்கக் கை நடுங்காமல் மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு கிராமுக்குக் குறைவான கல்லில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே விடை எங்கோ போய்விடும்.

கண்ணாடியின் அடர்த்தி அதன் கலவையைப் பொறுத்து மாறுவதால் அது இந்த வலையில் சிக்காது. அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். உருண்டையான காற்றுக்குமிழிகளும், பாகு கலக்கியதுபோன்ற சுழிவரிகளும் தெரிந்தால் கண்ணாடி என்று கொள்ளலாம்.

வெண்கல் சந்திரகாந்தக் கல்லாக இருக்க வாய்ப்பு நிறைய. கரூர், காங்கேயம் வட்டாரம் அதற்குப் பெயர்போனது. ஆயினும் 'ஓபலைட்' என்ற பெயரில் விற்கும் பால்கண்ணாடி அச்சாக அப்படியே இருக்கும். கல்லைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள், பிறகு விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். துணிமேல் நீலமாகவும் விளக்குக்கு எதிரே ஆரஞ்சாகவும் முழுக்கல்லும் நிறம் மாறினால் அது கண்ணாடி. சந்திரகாந்தத்தில் ஒளி ஒரு தகடுபோல ஒரு பக்கம் திரண்டு நின்று, கல்லைச் சாய்க்கச் சாய்க்க நகரும். லென்ஸில் பூரான் போலக் காலும் உடலுமாக நுண்விரிசல் தெரிந்தால் சந்திரகாந்தம் என்றே சொல்லிவிடலாம். அடர்த்தி எண் 2.57-ஐ ஒட்டி வரும்.

கேள்வி: கூழாங்கல்லுக்குக் கம்பி சுற்றி டாலர் செய்தால் இரண்டே நாளில் கல் நழுவிவிடுகிறது. பசை தடவலாமா? எந்தக் கம்பி வாங்குவது? (வாசகர், திருப்பூர்)

பதில்: பசை வேண்டாம். கல் நழுவுவதற்குக் காரணம், மெருகேற்றிய உருண்டைக் கல்லில் கம்பி தங்குவதற்கு விளிம்பே இல்லாததுதான். ஒரே கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது வழுக்கும். 3 செ.மீ. கல்லுக்கு 0.8 மி.மீ. கம்பியில் 25 செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டுகள் வெட்டி, பக்கம் பக்கமாக அடுக்கி, 0.4 மி.மீ. மெல்லிய கம்பியால் நான்கு இடங்களில் நெருக்கிச் சுற்றிக் கட்டுங்கள். அந்தப் பட்டையைக் கல்லின் இடுப்பில், அதாவது அதன் மிக அகலமான வரியில், பொருத்தி வளைத்து உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு கட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில் முன்கம்பியைக் கல்லின் முகத்தின் மேலும், பின்கம்பியை முதுகின் மேலும் குறட்டால் சற்றே இழுத்துவிடுங்கள். நடுக்கம்பி இடுப்பிலேயே நிற்கும். கல் இப்போது கூண்டுக்குள் இருக்கிறது. எந்தப் பக்கமும் வெளியேறாது. உச்சியில் மிஞ்சும் நுனிகளைச் சுருட்டினால் சங்கிலி கோக்கும் வளையம் ஆகிவிடும்.

கம்பியின் தடிமனைக் குறிக்கும் 'கேஜ்' எண் சொல்லி வாங்காமல் மில்லிமீட்டர் சொல்லி வாங்குங்கள். இணையத்தில் பார்க்கும் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்க அளவில் இருக்கும். அதில் 20 கேஜ் என்பது 0.81 மி.மீ. நம் ஊர் மோட்டார் வைண்டிங் கடையில் பிரிட்டிஷ் அளவுதான். அதே 20 கேஜ் அங்கே 0.91 மி.மீ. விரலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வைண்டிங் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும் என்பதால், பூச்சில்லாத செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பு இறுகி ஒடிந்துவிடும். தவறாக வளைத்துவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவதே மேல்.

முதலில் கல்லை அடையாளம் கண்டுகொண்டு பிறகு கம்பியைத் தொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. என் முதல் சந்திரகாந்த டாலரில், முன்கம்பியை இழுக்கும்போது குறட்டின் முனை கல்லை அழுத்த, 'டிக்' என்ற சிறு ஓசையோடு கல் கண்ணாடித் தகடுபோல நேராகப் பிளந்துவிட்டது. சந்திரகாந்தத்துக்கு அப்படிப் பிளவுபடும் தளங்கள் இரண்டு உண்டு. டோபாஸுக்கும் ஒரு தளம் உண்டு. படிகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் பழகுவதற்கு அதுவே ஏற்றது. குறட்டு முனையில் துணிப்பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்கிறார்களே? (வாசகி, மதுரை)

பதில்: நீலக் கண்ணாடியைப் போட்டாலும் தெரியும். செயற்கைக் கல்லுக்கும் பால் சாட்சி சொல்லாது. அடர்த்தி எண்ணும் சொல்லாது. 1902-இல் வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர் அறிவித்த முறையில் உலையில் வளர்க்கும் மாணிக்கமும் நீலமும், பொருளால் இயற்கைக் கல்லேதான். இரண்டுக்கும் எண் 4.0. நுண்ணோக்கியில் வளைந்த வளர்ச்சிக்கோடுகள் தெரிந்தால்தான் பிடிபடும். விலை உயர்ந்த கல்லென்றால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: செம்புக் கம்பி டாலர் களிம்பு பிடிக்கிறது. புளி போட்டுத் துலக்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: படிகம், செவ்வந்திக்கல் என்றால் தாராளமாகத் துலக்கி, உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். முத்து, பவளம், சலவைக்கல் ஆகியவற்றின் மேல் புளித்தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது; மெருகு அரித்துப்போகும். அவற்றுக்குக் கம்பியை மட்டும் உலர்ந்த துணியால் தேய்த்தெடுங்கள், அல்லது முதலிலேயே வெள்ளிக் கம்பியில் கட்டுங்கள்.