துண்டு போர்த்திய கேமரா

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 77 வயது. மாயவரத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு பெங்களூருக்குக் கூட்டிவந்தேன். மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா பொருத்தினேன். அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் அண்ணன். உறவுக்காரர்களோ, 'பெத்த தாயைத் தனியா விட்டுட்டானுங்க' என்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். எப்படியாவது கையோடு அழைத்துவந்துவிடட்டுமா?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

துண்டு விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கூடம் என்பது உங்கள் அம்மா மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்காரும் இடம். மகனே ஆனாலும், நாள் முழுக்க ஒருவர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பிடிக்கும்?

பெங்களூரில் ஏன் தங்கவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? என் ஊகம் இது: பகலில் வீட்டில் யாரும் இல்லை, பக்கத்து வீட்டு மொழி புரியவில்லை, கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. மாயவரத்திலோ கீரைக்காரம்மாவோடு பேரம் பேசுவதிலேயே அரைமணி போய்விடும்.

அதற்காக உங்கள் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். என் சித்தி ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போய் வழுக்கி விழுந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கைபேசி கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அவர் அதற்கு முட்டுக்கொடுத்த மாதிரி கிடந்ததால், தாழ்ப்பாளை உடைத்த பிறகும் திறக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அங்கே கேமரா இருந்திருந்தால் காலிக் கூடத்தைத்தான் காட்டியிருக்கும்.

ஆகவே செலவைக் குளியலறையில் செய்யுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றுங்கள். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. தனியாக இருப்பவருக்கு எதற்குத் தாழ்? கழிப்பறை ஓரத்துச் சுவரில் துளை போட்டு முடுக்கிய கைப்பிடி வேண்டும். துண்டு காயப்போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவெல்லாம் எரியும் சின்ன விளக்கு ஒன்று போடுங்கள். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், தூக்கத்திலிருந்து சட்டென எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

அப்புறம், எதிர்வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு மேலும் பால் பை கேட்டில் தொங்கினால் வந்து பார்க்கும்படி சொல்லிவையுங்கள். இதற்கு வைஃபை வேண்டாம்.

2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 70 வயது கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டில் தரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் அம்மாவால் கடைவரை நடக்க முடிகிறதென்றால் நடக்கட்டும். வரிசையில் கிடைக்கும் ஊர்வம்பு வீட்டுக்கு வராது.

வீட்டை விற்கும் பேச்சு பற்றி ஒரே வரி: அது அம்மா பெயரில் இருந்தால் கடைசிவரை அப்படியே இருக்கட்டும். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. அம்மாவை அந்தப் படி ஏறவைக்க வேண்டாமே. உங்கள் அண்ணனைத் தப்பாகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

ஊர்ப்பேச்சை விடுங்கள். பேசுகிறவர்களில் எத்தனை பேர் அம்மாவை எட்டிப் பார்க்கிறார்கள்?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாப்பிட்ட மாத்திரையை மறந்து மறுபடி சாப்பிடுவது, அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குப் போவது, தெரிந்த தெருவிலேயே வழி தடுமாறுவது, இதெல்லாம் தெரிய ஆரம்பித்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன்பிறகு தனியாக இருப்பது சரிவராமல் போகலாம். அப்போது எழுதுங்கள், என் பதிலும் வேறாக இருக்கும்.

இப்போதைக்கு அழைத்துவர வேண்டாம். தீபாவளிக்கு நான்கு நாள் கூடுதலாக லீவு போடுங்கள். கொத்தனாரிடம் இன்றே பேசிவிடுங்கள், பண்டிகை நேரத்தில் ஆள் கிடைக்காது.