பின்னால் வளைய மறுக்கும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒன்றரை வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள். கை ஊன்றிப் பக்கவாட்டில் சுழலும் கார்ட்வீல், ரவுண்ட் ஆஃப் இரண்டும் அழகாகப் போடுவாள். பின்பக்கமாக எம்பி, கை ஊன்றிப் புரண்டு காலில் நிற்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் பழகும்போது ஒருநாள் கை மடங்கி, தலை மெத்தையில் இடித்துவிட்டது. காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பின்பக்கம் போகவே மறுக்கிறாள். கூடச் சேர்ந்த பிள்ளைகள் பல்டியே அடிக்கிறார்கள். மொட்டைமாடியில் மெத்தை போட்டு நானே பிடித்துப் பழக்கட்டுமா? பாதம் தட்டையாக இருப்பதால் அவளுக்கு இது வராது என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, மொட்டைமாடி யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். படுக்கிற மெத்தையில் கால் புதையும், குதிக்கும் திசை மாறும், மெத்தையே நழுவும். பிடிப்பவர் ஒரு கையை இடுப்புக்குப் பின்னாலும் மறு கையைத் தொடைக்குப் பின்னாலும் சரியான நொடியில் கொடுக்க வேண்டும். அது பழகிய கைக்குத்தான் வரும். தவறினால் அடிபடுவது கழுத்து.

உங்கள் கடிதத்தில் 'கை மடங்கி' என்ற இரண்டு சொற்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது. கை தன்னைத் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயம் நியாயமானது. 'பயப்படாதே' என்று சொல்வதைவிடக் கையைத் தயார் செய்வதுதான் வழி.

அதற்குக் கைகளில் நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். வயிறு சுவரைப் பார்க்க, முழங்கை நேராக, காதை ஒட்டித் தோளால் தரையைத் தள்ளி நிற்கட்டும். முதலில் 10 விநாடி போதும், மெல்ல மெல்லக் கூட்டலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் இதை வீட்டில் செய்யலாம். தாழ்ந்த படியிலிருந்து குதித்து, முழங்காலை மடக்கிச் சத்தமில்லாமல் இறங்குவதையும் பழகலாம். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் எலும்பின் வளரும் பகுதி இன்னும் இறுகியிருக்காது. வலி தொடர்ந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றது கோச்சின் வேலை. சரிவு மெத்தையிலும் உருளை மெத்தையிலும் மறுபடி ஆரம்பிக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். பல பிள்ளைகள் பின்னால் போகாமல் நேராக மேலே எம்பிவிடுவார்கள், அல்லது தலையை முதலில் வீசுவார்கள். நாற்காலியில் உட்காரப்போவதுபோல் இடுப்பைப் பின்னால் கொண்டுபோய், முழங்கால் முன்னே தள்ளாமல் உந்த வேண்டும். உருளை முதுகைத் தாங்கும்போது இது பயமில்லாமல் உடம்பில் பதியும். கீழிறங்கி ஆரம்பிப்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். சரியாக வராத ஹேண்ட்ஸ்பிரிங்கின் மேல் பல்டியை அடுக்குவதுதான் எனக்குக் கவலை தரும்.

தட்டைப் பாதம் பற்றி மாமியாருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். திரிபுராவின் தீபா கர்மாகருக்கும் சிறு வயதில் தட்டைப் பாதம்தான். அவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாண்டும் வால்ட் போட்டியில், காற்றில் இரண்டு முறை முன்பக்கம் சுழலும் புரொடுனோவாவைச் செய்து நான்காம் இடம் பிடித்தார். பதக்கம் போனது 0.150 புள்ளியில்.

அப்புறம், வகுப்பு முடிந்து வண்டியில் ஏறியதும் 'இன்னைக்கு ஹேண்ட்ஸ்பிரிங் வந்துச்சா?' என்று கேட்காதீர்கள். இரண்டு மாதம் அந்தக் கேள்வியே வேண்டாம். அவளுடைய ஹேண்ட்ஸ்டாண்டில் கை மடங்காமல் நிற்கிறது என்று கோச் சொன்ன பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். காத்திருக்கிறேன்.